அணைக்குக் கீழ ஜில்லுனு ஓடற ஆறு: வேலூர்ல எல்லாரும் என்ன கேட்ட கேள்விங்க

போன கோடைல மச்சான் வீட்டுக்கு போய் நாலு மாசம் இருந்துட்டு வந்தேன். கலிஃபோர்னியாவுல ரெட்டிங்னு ஒரு ஊரு. நான் காலேஜ் விலங்கியல் லேப்ல இருபது வருஷம் குப்ப கொட்டினவன், எங்க போனாலும் தண்ணிய பாத்தா கைய விட்டு பாக்கற பழக்கம் போகாது. அந்த ஊர்ல சாஸ்டா அணைக்குக் கீழ ஆத்து தண்ணி எத்தன டிகிரில போகுதுன்னு ஒரு மீனுக்காக தினமும் கணக்கு பாக்கறாங்க. இத காட்பாடி டீக்கடைலயும் கோட்டைய சுத்தி வாக்கிங் போறப்பவும் சொன்னது தான் நான் செஞ்ச தப்பு. அன்னில இருந்து ஆளாளுக்கு அதே கேள்வி. ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டா அடுத்த ஆளு கேக்கறப்போ இத காட்டிட்டு டீ ஆறதுக்குள்ள குடிச்சுடலாம். கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே போட்டிருக்கேன், யாரும் கோச்சுக்காதீங்க.

இன்னா சார், பாலாத்துல தண்ணியே காணோம், நீ குளிர் தண்ணி மீனுக்கு வக்காலத்து வாங்கற?

நியாயமான கேள்வி தான். பாலாறு பாலத்து மேல பஸ்ல போறப்போ கீழ மணலும் சீமைக்கருவேலமும் தான் தெரியுது, 2021 நவம்பர் மாதிரி வெள்ளம் வந்தா தான் அது ஆறுன்னே ஞாபகம் வருது. ஆனா நம்ம பழைய வட ஆற்காட்டுலயும் அணைங்க இருக்கு: சாத்தனூர், மோர்தானா, ஆண்டியப்பனூர் ஓடை, செண்பகத்தோப்பு. அணைன்னா நமக்கு எத்தன அடி நிக்குது, எத்தன கன அடி தொறந்தாங்க, இந்த ரெண்டு கணக்கு தான் தெரியும். மூணாவதா ஒரு கணக்கு இருக்கு, தொறந்த தண்ணி எத்தன டிகிரின்னு. கீழ இருக்கற மீனுக்கு அது தான் உசிரு. அத சொல்லத்தான் இவ்ளோ நீட்டி எழுதறேன்.

குளிர் தண்ணி மீனுன்னா ஐஸ் பொட்டில வெச்சு விக்கறாங்களே அதா அங்கிள்?

இல்லம்மா. உயிரோட ஜில்லுனு ஓடற தண்ணில மட்டும் வாழற மீனு. சால்மன், ட்ரௌட், இமயமலை பக்கம் ஸ்னோ ட்ரௌட்னு சொல்றாங்களே அது எல்லாம் இந்த ஜாதி. ட்ரௌட்டுக்கு 10ல இருந்து 16 டிகிரி வரைக்கும் சொகம், 20 தாண்டினா தவிக்கும், 25 பக்கம் வந்தா செத்துடும். நம்ம கட்லா, ரோகு, ஜிலேபிக்கு அந்த 25 தான் ஆரம்பமே.

காரணம் முக்கியமா மூச்சு. தண்ணி சூடாக ஆக அதுல ஆக்சிஜன் கரையறது குறையும். 10 டிகிரி தண்ணில ஒரு லிட்டருக்கு 11 மில்லிகிராம் சொச்சம் கரையும், 30 டிகிரில ஏழரை தான். அதே நேரம் சூட்டுல மீனோட உடம்பு வேகமா ஓடும், அதுக்கு ஆக்சிஜன் கூட வேணும். வரவு குறையுது, செலவு ஏறுது, சம்பளக்காரன் கத தான். மே மாசம் விடியக்காலைல ஏரில மீனு மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுமே, நம்ம ஊரு மீனுக்கே அந்த கதின்னா ட்ரௌட்ட நெனச்சுக்கோங்க.

வெயில்ல காயற அணைல தண்ணி எப்படிண்ணே ஜில்லுனு இருக்கும்?

கிணத்துல குதிச்சவன் இத கேக்கவே மாட்டான். மே மாசம் கிணத்துல மேல வெதுவெதுன்னு இருக்கும், ஒரு ஆள் ஆழம் உள்ள போனா திடீர்னு ஜில்லுனு கால புடிக்கும். சூடான தண்ணி லேசு, மேலயே மிதக்கும். குளிர்ந்த தண்ணி கனம், அடில உக்காந்துக்கும். 4 டிகிரில தான் தண்ணி ரொம்ப கனம்.

நம்பாதவங்களுக்காக குடியாத்தம் பக்கத்துல எங்க பெரியப்பா கிணத்துல ஒரு பாட்டில்ல தெர்மாமீட்டர கட்டி கயித்துல எறக்கி பாத்தோம். பாட்டிலுக்கு கல்லு கட்டி, வாய்ல தக்கைய லேசா சொருகி, அடில போனதும் இன்னொரு கயித்த இழுத்து தக்கைய பிடுங்கி அங்க இருக்கற தண்ணிய அள்ளிக்கினு வரணும். மேல 32, அடில 27. அஞ்சு டிகிரி வித்தியாசம், ஒரே கிணத்துல, ஒரே மத்தியானத்துல. பெரியப்பா தெர்மாமீட்டர வாங்கி திருப்பித் திருப்பி பாத்தாரு.

சாஸ்டா அணை 602 அடி உயரம். அங்க குளிர்காலத்துல வர்ற மழைத்தண்ணி, பனி உருகின தண்ணி எல்லாம் அடில தங்கிடும், கோடை முழுக்க மேல ஒரு சூடான போர்வை, கீழ ஜில்லுனு ஒரு கிடங்கு. ரெண்டும் லேசுல கலக்காது.

அப்போ அணை கட்டினது மீனுக்கு நல்லதுன்னு ஆகுதே?

அங்க தான் சிக்கல். சாக்ரமெண்டோ ஆத்துல விண்டர் ரன்னுனு ஒரு சினூக் சால்மன் ரகம் இருக்கு. குளிர்காலத்துல கடல்ல இருந்து ஆத்துக்குள்ள ஏறி வரும், ஆனா முட்டை வெக்கறது மே மாசத்துல இருந்து ஆகஸ்ட் வரைக்கும், நல்ல வெயில்ல. வெயில்ல முட்டை எப்படி பொழைச்சதுன்னா, மலை மேல மெக்லவுட் மாதிரி ஊத்துத் தண்ணில ஓடற ஆறுங்க வெயில்லயும் ஜில்லுனு இருக்கும், அங்க போய் வெக்கும். 1945ல சாஸ்டா அணைய கட்டி முடிச்சாங்க, மேல போற வழி அடைஞ்சு போச்சு.

அதனால இப்போ அந்த மீனு அணைக்குக் கீழ, ரெட்டிங் ஊரு நடுவுல முட்டை வெக்குது. ஜூலைல அங்க நம்ம அக்னி நட்சத்திரம் மாதிரி 40 டிகிரி சர்வ சாதாரணமா தாண்டும். இயற்கையா அந்த இடத்துல அந்த மாசத்துல சால்மன் முட்டை பொழைக்கவே பொழைக்காது. அணையோட அடித்தண்ணி வந்தா தான் பொழைக்கும். வீட்ட இடிச்சவனே வாசல்ல கொட்டாய் போட்டுக் குடுத்த மாதிரி. நல்லதா கெட்டதான்னா ரெண்டும் தான். 1960கள் கடைசில லட்சத்த தாண்டி வந்துக்கினு இருந்த மீனு, 1990கள் ஆரம்பத்துல 200க்கும் கீழ போயிடுச்சு. 1994ல அழியற நிலைல இருக்கற இனம்னு அறிவிச்சுட்டாங்க.

அடில இருக்கற தண்ணிய மட்டும் எப்படி சார் உருவி எடுப்பாங்க, ஸ்ட்ரா போட்டா?

கிட்டத்தட்ட ஸ்ட்ரா தான்! அணைல கரண்டு எடுக்கற டர்பைனுக்கு தண்ணி போற குழாய் ஒரே உயரத்துல இருக்கும். தண்ணி மட்டம் எறங்க எறங்க மேல இருக்கற சூடான தண்ணியே அந்த குழாய்க்குள்ள போக ஆரம்பிச்சுடும். அதனால 1987ல இருந்து பத்து வருஷம் போல, டர்பைன விட்டுட்டு கீழ இருக்கற மதகு வழியா குளிர்ந்த தண்ணிய தொறந்து விட்டாங்க. மீனுக்கு சரி, ஆனா அந்த தண்ணில கரண்டு எடுக்க முடியல, கோடிக்கணக்குல நஷ்டம்.

1997ல ஒரு வழி கண்டுபிடிச்சு அணையோட முன்பக்கம் ஒட்டினாப்ல 300 அடி உயரம் 250 அடி அகலத்துக்கு இரும்புல ஒரு பெரிய கூடு கட்டினாங்க, செலவு சுமார் 8 கோடி டாலர். அதுல மேல, நடுல, கீழன்னு வெவ்வேற உயரத்துல ஷட்டருங்க. எந்த ஷட்டர தொறக்கறமோ அந்த உயரத்து தண்ணி தான் டர்பைனுக்கு போகும், கரண்டும் வரும் மீனுக்கு குளிரும் கிடைக்கும். மேல தண்ணியையும் கீழ தண்ணியையும் கலந்தும் விடலாம், குளிக்கறப்போ வெந்நியையும் பச்ச தண்ணியையும் விளாவற மாதிரி.

அப்போ அடி ஷட்டர தொறந்தே வெச்சிருந்தா வேல முடிஞ்சுதே, இதுக்கு எதுக்கு தினம் கணக்கு?

முடியாது, ஏன்னா அடித்தண்ணி அளவா தான் இருக்கு, தீந்தா அந்த வருஷம் அவ்ளோ தான். கல்யாணத்துல முதல் பந்திக்கே பாயசத்த தாராளமா ஊத்திட்டா கடைசி பந்தில சமையல்காரன் முழிப்பானே, அந்த கத. மே மாசமே குளிர் தண்ணிய அள்ளி விட்டா செப்டம்பர்ல, அதுவும் முட்டைங்க இன்னும் கூழாங்கல்லுக்குள்ள இருக்கறப்போ, சூடான தண்ணி மட்டும் தான் மிச்சம். அதனால மே, ஜூன்ல முடிஞ்ச வரைக்கும் மேல் ஷட்டர்ல விட்டு ஓட்டி, அடித்தண்ணிய பத்திரமா வெச்சு, போகப் போக கீழ எறங்குவாங்க. வருஷா வருஷம் வசந்த காலத்துலயே அணைல குளிர் தண்ணி எத்தன இருக்குன்னு அளந்து, எத்தன மைல் தூரத்துக்கு எந்த தேதி வரைக்கும் ஜில்லுனு வெக்க முடியும்னு திட்டம் போட்டுடறாங்க.

திட்டம் தப்பினா என்ன ஆகும்னு 2014லயும் 2015லயும் பாத்துட்டாங்க. கடும் வறட்சி, அணைல தண்ணி கம்மி, நெனச்சத விட குளிர் தண்ணி இருப்பும் கம்மி. கோடை முடியறதுக்குள்ள தீந்து போச்சு. அந்த ரெண்டு வருஷமும் வெச்ச முட்டைலயும் குஞ்சுலயும் 100க்கு சுமார் 95 போயிடுச்சு. இந்த சால்மன் மூணு வருஷத்துக்கு ஒரு தலைமுறை, ரெண்டு வருஷம் வரிசையா போனா மூணுல ரெண்டு பங்கு சந்ததி போச்சுன்னு அர்த்தம்.

இன்னொன்னு, சாஸ்டா கொள்ளளவு 198 டிஎம்சி, மேட்டூர் மாதிரி ரெண்டு. அவ்ளோ பெரிய அணைலயே தீருது.

ஒரு டிகிரி ரெண்டு டிகிரி ஏறினா மீனு செத்தா போயிடும்? நம்மளுக்கே தெரியாதே அந்த வித்தியாசம்!

பெரிய மீனு செத்துப் போகாது, நகர்ந்து போயிடும். முட்டை எங்க நகரும்? பொம்பள மீனு வாலால கூழாங்கல்ல தோண்டி குழி பண்ணி முட்டைய வெச்சு மேல கல்ல மூடிட்டு போயிடும். அது கல்லு இடுக்குல வர்ற தண்ணில இருந்து ஆக்சிஜன எடுத்துக்கினு ரெண்டு மூணு மாசம் இருக்கணும். ரொம்ப நாளா 56 ஃபாரன்ஹீட், அதாவது 13.3 டிகிரிக்கு மேல போகக் கூடாதுன்னு தான் எல்லை வெச்சிருந்தாங்க.

அப்புறம் 2017ல ஆராய்ச்சிக்காரங்க ஒரு விஷயத்த கண்டுபிடிச்சாங்க. லேப்ல தட்டுல வெச்ச முட்டை தாங்கற சூட்ட ஆத்துல இருக்கற முட்டை தாங்கல, ஏன்னா லேப்ல தண்ணி முட்டைய சுத்தி வேகமா ஓடும், ஆத்துல கல்லுக்கு அடில மெதுவா தான் கசியும், ஆக்சிஜன் பத்தாது. அதனால ஆத்துல நெஜமான எல்லை 12 டிகிரி கிட்டன்னு சொன்னாங்க. லேப்ல வேல செஞ்சவனா சொல்றேன், எங்க பசங்க ரெக்கார்ட் நோட்ல எழுதற ரிசல்ட்டுக்கும் வெளில நடக்கறதுக்கும் இதே தூரம் தான்.

சரி தண்ணி ஜில்லுனு வந்துடுச்சு, அவ்ளோ தான, மீனு சந்தோஷமா இருக்கும்ல?

இல்ல, இன்னும் ரெண்டு வேணும். ஒன்னு ஆக்சிஜன். மேல சொன்ன அந்த அடித்தண்ணி மாசக்கணக்குல காத்து படாம கிடக்குது, இலை தழை அழுகி இருக்கற ஆக்சிஜனையும் தின்னுடும், சில அணைல அழுகின முட்டை நாத்தத்தோட தான் வெளிய வரும். ஜில்லுனு இருந்தும் மூச்சு முட்டற தண்ணி. அமெரிக்காவுல டென்னசி பக்கம் இதுக்குன்னே டர்பைன்லயே காத்த உறிஞ்சி கலக்கறாங்க, சவுத் ஹோல்ஸ்டன்னு ஒரு அணைக்குக் கீழ 1991ல ஒரு சின்ன தடுப்பு கட்டி தண்ணிய அருவி மாதிரி விழ வெச்சாங்க, விழறப்போ காத்து கலந்துடும்.

ரெண்டாவது கல்லு. மலைல இருந்து உருண்டு வர்ற கூழாங்கல்லும் மணலும் அணைல தங்கிடும், கீழ போறது வெறும் தண்ணி. அந்த தண்ணி பசியோட போகும், இருக்கற கல்லையும் அரிச்சுக்கினு போயிடும், கடைசில முட்டை வெக்க இடமே இருக்காது. அதனால ரெட்டிங்ல லாரில கூழாங்கல்ல கொண்டாந்து ஆத்துல கொட்டறாங்க. நான் கண்ணால பாத்தேன், மலை மாதிரி குமிச்சு வெச்சிருந்தாங்க. நம்ம ஊர்ல லாரி ஆத்துக்குள்ள எறங்கினா எதுக்குன்னு உங்களுக்கு தெரியும், அங்க லாரி கொட்டிட்டு வெறுங்கையா திரும்புது. ரொம்ப நேரம் நின்னு பாத்துக்கினே இருந்தேன், மச்சான் காருக்குள்ள இருந்து ஹாரன் அடிச்சுக்கினே இருந்தான்.

கரைல மரம் நட்டா நெழல்ல தண்ணி குளிராதா? எங்க ஸ்கூல்ல அப்படி தான் சொன்னாங்க.

சின்ன ஓடைக்கு ரொம்ப உபயோகம். ரெண்டு கரை மரமும் மேல கைகோத்துக்கினா வெயில் தண்ணிய தொடாது, அமிர்தி பக்கம் ஓடைல மரத்தடில கால வெச்சா தெரியும். ஆனா 300 அடி அகல ஆத்துக்கு நெழல் கரையோரம் மட்டும் தான் விழும், நடு ஆத்த குளிர வெக்காது. மரம் நடறது வேற பல விதத்துல நல்லது, பூச்சி விழும், கரை இடியாது, நடுங்க. அணைத் தண்ணிக்கு பதிலா மரம்னு மட்டும் சொல்லாதீங்க.

மரத்த விட பெரிய விஷயம் ஊத்து. பாலாத்துல மணல தோண்டி ஊத்துத் தண்ணி எறச்சவங்களுக்கு அந்த ஜில்லு தெரியும். நம்ம முன்னோருங்க அதுல ஊத்துக்கால் வெட்டி வயலுக்கே கொண்டு போனாங்க. குளிர் ஆத்துலயும் அதே தான், மணலுக்கும் கல்லுக்கும் அடில ஓடற தண்ணி அங்கங்க மேல கிளம்பும், ஆறு சூடான நாள்ல மீனுங்க அந்த ஊத்து வாய்ல வந்து தோளோட தோள் நெருக்கிக்கினு நிக்கும். கரைல கண்டபடி போர் போட்டு நிலத்தடி தண்ணிய உறிஞ்சினா முதல்ல சாகறது இந்த இடங்க தான்.

டேம்ல திடீர்னு தொறந்து திடீர்னு மூடறாங்களே, மீனுக்கு தண்ணி வந்தா சந்தோஷம் தான?

தொறக்கறத விட மூடறது தான் மீனுக்கு எமன். கரண்டு தேவைக்கு சாயங்காலம் தொறந்து ராத்திரி டக்குனு மூடினா, கரையோரம் மேய வந்த குஞ்சுங்க பள்ளத்துல மாட்டிக்கும், முட்டை வெச்ச இடம் காஞ்சுடும். அதனால மணிக்கு இவ்ளோ தான் குறைக்கணும்னு அங்க அளவு வெச்சிருக்காங்க, சாஸ்டாவுக்குக் கீழ கெஸ்விக்னு ஒரு குட்டி அணை கட்டி, மேல ஏத்த எறக்கமா வர்ற தண்ணிய அங்க புடிச்சு சீரா விடறாங்க.

மனுஷனுக்கும் இது விளையாட்டு இல்ல. 2014 ஜூன்ல இமாச்சல்ல பியாஸ் ஆத்துல, அதுவும் ட்ரௌட் இருக்கற ஆறு தான், லார்ஜி அணைல திடீர்னு தொறந்து விட்டதுல பாறை மேல நின்னு போட்டோ எடுத்துக்கினு இருந்த 24 காலேஜ் பசங்க போயிட்டாங்க. நம்ம பக்கம் 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலப்போ சாத்தனூர்ல 1.68 லட்சம் கன அடி தொறந்தப்போ தென்பெண்ணை கரைல ராத்திரி யாரும் தூங்கல. அது வெள்ளம், வேற விவகாரம். ஆனா அணைக்குக் கீழ இருக்கறவனுக்கு, மீனோ மனுஷனோ, முன்னாடியே சொல்லி மெதுவா விடணும்ங்கறது பொது.

விவசாயிக்கே தண்ணி இல்ல, மீனுக்கு சேத்து வெக்கறாங்களாம்! இது அடுக்குமா?

இத கேட்டவரு ஆரணி பக்கம் நெல்லு போடறவரு, கோவம் நியாயம். சாக்ரமெண்டோ ஆத்து தண்ணில பாயறதும் நெல்லு தான், லட்சக்கணக்கான ஏக்கர். அவங்களுக்கு ஏப்ரல், மே மாசம் தண்ணி வேணும், மேல சொன்ன பாயச கணக்குப்படி மீனுக்கு அப்போ அணைய எறக்காம வெக்கணும். மோதல் அங்க தான். 2022ல அந்த பள்ளத்தாக்குல கிட்டத்தட்ட பாதி நெல்லு வயல் காலியா கிடந்துச்சு. வறட்சி தான் முதல் காரணம், ஆனா மீனால தான் எங்க வயல் காஞ்சுதுன்னு சொல்ற விவசாயிங்கள நானே பாத்தேன், மச்சான் வீட்டுக்கு பக்கத்துலயே ஒருத்தர்.

நடுவுல வழி இருக்கு, ஆனா சுலபம் இல்ல: நடவ ரெண்டு வாரம் தள்ளிப் போடறது, அறுவடைக்கு அப்புறம் வயல்ல தண்ணி நிறுத்தி புழு பூச்சி வளர விட்டு அத ஆத்துக்கு விட்டு மீனுக்கு தீனி ஆக்கறது, தண்ணிய விட்டுக் குடுத்தா பணம் குடுக்கறது. என் கருத்த கேட்டா, தண்ணி பத்தாத வருஷத்துல ரெண்டு பக்கமும் தோக்கும், யாரு எவ்ளோ தோக்கறதுன்னு முன்னாடியே எழுதி வெச்சுக்கறது தான் நேர்மை. ஜூலைல உக்காந்து பேசினா மீனு தான் முழுசா தோக்கும், அதுக்கு ஓட்டு இல்ல.

காவிரி மாதிரி கோர்ட்டு கேஸ் எல்லாம் அங்கயும் உண்டா சார்?

நல்லா உண்டு. டெலவேர் ஆறுன்னு கிழக்குக் கரைல, நியூயார்க் சிட்டி குடிதண்ணிக்காக மூணு அணை. 1954ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புப்படி மாண்டேகுங்கற இடத்துல 1,750 கன அடி ஓடணும். அவ்ளோ தான் எழுதியிருந்தாங்க, கன அடி. அணைக்குக் கீழ நல்ல ட்ரௌட் ஆறு உருவாயிடுச்சு, ஆனா கீழ மழை பெஞ்சு ஆத்துல தண்ணி இருந்தா கணக்கு சரியாயிடும், மேல அணைய மூடிடுவாங்க, ட்ரௌட் இருக்கற முதல் முப்பது மைல் வெயில்ல வெந்துடும். தூண்டில்காரங்க வருஷக்கணக்குல கத்தி, 2007ல இருந்து தான் அணைல எவ்ளோ இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி நிரந்தரமா தண்ணி விடற ஏற்பாடு வந்துச்சு.

நம்ம பாலாத்துக்கும் 1892 சென்னை மைசூர் ஒப்பந்தம் இருக்கு, பாலாறு அந்த பட்டியல்லயே இருக்கு. அத வெச்சு இன்னிக்கும் சண்ட போடறோம். அதுலயும் மீனு இல்ல.

சாத்தனூர் அணைக்குக் கீழ ட்ரௌட் விட்டா டூரிசம் பிச்சுக்கும்ல மாமா?

மாப்ள, மீனு தான் பிச்சுக்கினு போகும், மேல! கிணத்து கணக்க திரும்ப பாரு. அணையோட அடிக்குளிர் எங்க இருந்து வருதுன்னா அந்த ஊரு குளிர்காலத்துல இருந்து தான் வருது, வேற எங்க இருந்தும் இல்ல. ரெட்டிங்குக்கு மேல பனி விழற மலை. நமக்கு மார்கழி விடியக்காலை 18, 20 டிகிரி, அத விட குளிர்ந்த தண்ணிய சாத்தனூர் எங்க போய் சேத்து வெக்கும்? அடித்தண்ணியே ட்ரௌட்டுக்கு சூடு. அங்க வறுத்து விக்கற ஜிலேபியே போதும், போனா எனக்கும் ரெண்டு பார்சல் வாங்கிக்கினு வா.

அப்போ நம்ம ஆத்து மீனுக்கும் அணைல இருந்து ஜில்லுனு விட்டா இன்னும் நல்லா வளரும்ல?

இது தான் எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி, எட்டாவது படிக்கற பையன் கேட்டான். பதில் தலைகீழ். சூட்டுல பழகின மீனுக்கு குளிர் தண்ணியே விஷம். ஆஸ்திரேலியாவுல முர்ரே காட்னு பெரிய மீனு, தண்ணி 15 டிகிரிக்கு மேல ஏறினா தான் முட்டை வெக்கும். அணைங்க வசந்த காலத்துல அடித்தண்ணிய விட்டதுல நூறு மைல் கணக்குல ஆறு ஜில்லிட்டு போய் மீனு முட்டையே வெக்கல. அத அவங்க குளிர் மாசுன்னே சொல்றாங்க, சாயப்பட்டறை கழிவு மாதிரி குளிரும் ஒரு கழிவு! 2014ல பரண்டாங்ங்கற அணைல தண்ணி எடுக்கற கோபுரத்த சுத்தி ராட்சச திரை கட்டி, மேல இருக்கற சூடான தண்ணி மட்டும் உள்ள போற மாதிரி செஞ்சாங்க. சாஸ்டாவுல செஞ்சதுக்கு நேர் எதிர்.

இன்னும் குழப்பறேன், பாருங்க. அரிசோனாவுல கிளென் கேன்யன் அணை, 1963. அதுக்கு முன்னாடி கொலராடோ ஆறு வெயில்ல 25 டிகிரிக்கு மேல சேறா ஓடும், அங்க கூனல் முதுகோட ஹம்ப்பேக் சப்னு ஒரு மீனு. அணைக்கு அப்புறம் 8, 10 டிகிரில கண்ணாடி மாதிரி தண்ணி, சொந்த ஊரு மீனு ஒடுங்கிப் போய், வெளில இருந்து கொண்டாந்து விட்ட ட்ரௌட் கொழுத்துச்சு. 2022ல அணை மட்டம் சரிஞ்சு சூடான தண்ணி வந்ததும் ஊரு மீனுக்கு நல்ல காலம்னு பாத்தா, அணைக்கு மேல இருந்த ஸ்மால்மௌத் பாஸ்னு குஞ்சு தின்னி மீனு கீழ எறங்கி குஞ்சு பொரிக்க ஆரம்பிச்சுடுச்சு. அத தடுக்க 2024ல வேணும்னே குளிர் தண்ணிய கலந்து விட்டாங்க. அதனால குளிர் நல்லதா சூடு நல்லதான்னு யாராவது மொட்டையா கேட்டா, அணைக்கு முன்னாடி அங்க எந்த மீனு இருந்துச்சுன்னு திருப்பி கேளுங்க.

தமிழ்நாட்டுலயே குளிர் தண்ணி மீனு எங்கயும் இல்லையா?

இருக்கு, நீலகிரில. வெள்ளக்காரங்க 1860கள்ல முயற்சி பண்ணி தோத்து, 1900கள் ஆரம்பத்துல வில்சன்னு ஒருத்தர் ரெயின்போ ட்ரௌட்ட நிலைக்க வெச்சாரு. அவலாஞ்சில குஞ்சுப் பண்ணை இருக்கு. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, முக்குருத்தி அணைங்க எல்லாம் ஆறாயிரம் அடிக்கு மேல, அதனால தண்ணி ஜில்லுனு இருக்கும். ஆனா அது விருந்தாளி மீனு, நம்ம மண்ணு மீனு இல்ல. அதுக்காக நான் கொடி புடிக்க மாட்டேன்.

கொடி புடிக்கணும்னா மோயாறு பக்கம் போங்க. காவிரியோட கூன் முதுகு மஹ்சீர், 2018ல உலக சிவப்புப் பட்டியல்ல மிக அபாயம்னு போட்டாங்க, அதுக்கு மிச்சம் இருக்கற நல்ல இடம் மோயாறு தான். மேல முழுக்க மின்சார அணைங்க. வடக்க இமயமலைல ஸ்னோ ட்ரௌட்டுக்கும் தங்க மஹ்சீருக்கும் இதே பிரச்சனை. கங்கைக்கு 2018ல மத்திய அரசு உத்தரவு போட்டுச்சு, மேல் கங்கைல மாசத்துக்கு ஏத்த மாதிரி 20ல இருந்து 30 சதவீதம் தண்ணி ஓடணும்னு. நல்ல ஆரம்பம். ஆனா அதுவும் கன அடி பாஷை தான், டிகிரி இல்ல.

பண்ணைல குஞ்சு பொரிச்சு லட்சக்கணக்குல விட்டா போச்சு, இதுக்கு ஏன் இவ்ளோ மெனக்கெடணும்?

சாஸ்டா அடிவாரத்துலயே அப்படி ஒரு பண்ணை இருக்கு. 2014, 2015ல அது இல்லன்னா இனமே போயிருக்கும், ஒத்துக்கறேன். ஆனா அந்த பண்ணைக்கும் தண்ணி அதே அணைல இருந்து தான் வருது, வறட்சி வருஷத்துல அங்க சில்லர் மிஷின் வெச்சு தண்ணிய குளிர வெச்சாங்க. பொரிச்ச குஞ்ச விடறதுக்கும் ஜில்லுனு ஆறு வேணும். ஐசியூல வெச்சு காப்பாத்தலாம், அங்கயே குடித்தனம் வெக்க முடியுமா?

பேசாம அணைய இடிச்சுடலாமே?

கிளாமத்ங்கற ஆத்துல இடிச்சே காட்டிட்டாங்க, நாலு அணை, 2024ல வேல முடிஞ்சுது, அதே வருஷம் அக்டோபர்லயே சால்மன் மேல ஏறிடுச்சு. ஆனா அந்த அணைங்க மின்சாரத்துக்கு மட்டும் தான், யாருக்கும் குடிக்கவும் பாசனத்துக்கும் தண்ணி குடுக்கல, மீனுக்கு குளிர்ந்த தண்ணியும் பெரிசா குடுக்கல. சாஸ்டாவ நம்பி கோடிக்கணக்கான ஜனம். அத இடிக்க முடியாது, அதனால 2022ல விண்டர் ரன் முட்டைய எடுத்துக்கினு போய் அணைக்கு மேல பழைய மெக்லவுட் ஆத்துலயே வெச்சு பாத்தாங்க, அந்த ஊரு வின்னமெம் விண்ட்டு பழங்குடி ஆளுங்களும் கூட இருந்து காவல் காத்தாங்க. எண்பது வருஷம் கழிச்சு அந்த ஆத்துல அந்த மீனு குஞ்சு.

மீன புடிச்சு திரும்ப தண்ணிலயே விட்டுடறாங்களாமே, அப்போ பாவம் இல்லையே?

தண்ணி ஜில்லுனு இருந்தா பெரும்பாலும் பொழைக்கும். 20 டிகிரிக்கு மேல போச்சுன்னா தூண்டில்ல இழுபட்ட களைப்புலயே, விட்ட கொஞ்ச நேரத்துல எங்கயாவது போய் செத்து ஒதுங்கும், விட்டவனுக்கு புண்ணியம் பண்ணின நெனப்பு. மொன்டானா மாநிலத்துல ஆறு மூணு நாள் தொடர்ந்து 23 டிகிரிய தொட்டா மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ராத்திரி வரைக்கும் தூண்டில் போடவே கூடாது.

நாங்க இங்க இருந்துக்கினு இன்னா தான் செய்யறது?

தெர்மாமீட்டர் வாங்குங்க, பெருசா செலவு ஆகாது. மோர்தானால தண்ணி தொறக்கறப்போ அணைக்கு மேல ஒரு அளவு, மதகு வாய்ல ஒரு அளவு, ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு அளவு, தேதி நேரத்தோட நோட்ல எழுதுங்க. அங்க என்ன மீனு பாத்தீங்க, அயிரையா கெண்டையா கெளுத்தியான்னு அதையும். தண்ணிக்குள்ள எறங்காதீங்க, கரைல இருந்து கயித்துல விடுங்க. நான் பாட்டில் முறையிலயே ஆரம்பிக்கலாம்னு தான் இருந்தேன், ஆனா அந்த தெர்மாமீட்டர பெரியப்பா வாங்கி வெச்சுக்கினாரு. தினம் காலைல கிணத்துல எறக்கி பாத்துட்டு எனக்கு போன் பண்றாரு, இன்னிக்கு 26.